எரிந்தால் போதுமா?

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு ஆசிரியர் குழுவினர் என்னிடம் வந்தபோது, “பவளம் வளர்க்கும் தொட்டிக்குப் போடும் விளக்கைப் பற்றி எழுதட்டுமா?” என்று கேட்டேன். ஒருவர் சிரித்துவிட்டார். இன்னொருவர், “தம்பி, இது தமிழ் மலர். மின்னியல் துறை மலர் இல்லை” என்றார். அவர்கள் மேல் குற்றம் இல்லை. நம் மலர்களில் சங்க இலக்கியம் உண்டு; தாய்மொழிப் பற்று உண்டு; காதல் கவிதை வேண்டிய மட்டும் உண்டு. வீட்டில் நாம் கையால் கழற்றி மாட்டும் பொருளைப் பற்றி ஒரு பக்கம் தேடினாலும் கிடைக்காது.

நான் இதை வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. ஒரு பல்புக்குப் பொருந்தாத சோக்கை வாங்கி மாட்டி, என் தாய்மாமா ஆறு ஆண்டுகளாக வளர்த்த பவளங்களில் பாதியைக் கொன்றவன் நான். அப்போது நான் மின்னியல் பொறியியல் முதலாம் ஆண்டு மாணவன். மின்சுற்றுப் பாடத்தில் ‘ஏ’ வாங்கிய கையோடு செய்த காரியம் அது!

மாமா சுங்கைப் பட்டாணியில் இருக்கிறார். தொழிற்சாலையில் இரவு வேலை. அவர் வீட்டு வரவேற்பறையில் நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஓர் உப்புநீர்த் தொட்டி. ஏறக்குறைய 430 லிட்டர் கொள்ளும். மேலே இரண்டு மெட்டல் ஹாலைட் விளக்குகள் தொங்கும். ஒவ்வொன்றும் 250 வாட். பவளம் எல்லாம் மற்ற வளர்ப்பாளர்கள் தங்கள் தொட்டியில் வளர்த்து வெட்டிக் கொடுத்த விரல் நீளத் துண்டுகள். கடலில் உடைத்து எடுத்ததை வாங்க மாட்டேன் என்று மாமா பிடிவாதமாக இருந்தார். கல்போல் எலும்பு வைக்கும் பவளங்கள் அனைத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. அனுமதிச் சீட்டின்றி நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாது. நம் கடல் பூங்காக்களில் ஒரு துண்டைக்கூடத் தொடக் கூடாது.

பவளம் ஒரு விலங்கு. ஆனால், அதன் உடலுக்குள் சூசாந்தெல்லே எனும் நுண்பாசி குடியிருக்கிறது. அந்தப் பாசி வெளிச்சத்தைக் கொண்டு உணவு சமைக்க, பவளம் அதில் பெரும்பங்கை வாங்கி உண்கிறது. ஆகவே தொட்டியில் பவளம் வைப்பவர் முதலில் சமாளிக்க வேண்டியது வெளிச்சத்தை. நமக்கு விளக்கு என்பது பார்ப்பதற்கு. பவளத்துக்கு அதுதான் சோறு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் நான் செய்த தவறு எவ்வளவு பெரியது என்பது புரியும்.

சம்பவத்துக்கு வருகிறேன். முதலாம் ஆண்டு விடுமுறையில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு நாள் மாலை இடப்பக்க விளக்கின் சோக் உறுமத் தொடங்கியது. சிறிது நேரத்தில் வார்னிஷ் கருகும் வாடை; விளக்கு அணைந்துவிட்டது. “நீதான் எலக்ட்ரிக்கல் படிக்கிறியே, பாரு தம்பி” என்றார் மாமா. மறுநாள் பழைய மின்சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். “250 வாட் சோக்” என்று கேட்டேன். கனமான ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். தகட்டில் 250 வாட் என்று இருந்தது. “இது மெட்டல் ஹாலைட்டுக்கா?” என்று கேட்கத்தான் செய்தேன். “சாமா சாஜா, போஸ்” என்று பதில் வந்தது. எல்லாம் ஒன்றுதானாம்! முப்பது வெள்ளி கொடுத்து வாங்கி வந்து மாட்டினேன். இக்னைட்டர் டிக் டிக் என்று அடித்தது, விளக்கு பற்றிக்கொண்டது. ஐந்து நிமிடத்தில் முழு வெளிச்சம் வந்துவிட்டதாகவே தோன்றியது. மாமா என் முதுகைத் தட்டினார். அத்தை எனக்கென்று மீன் பொரித்தார்.

வெளிச்சம் முன்பைவிடச் சற்று நீலம் தட்டியிருந்தது. “இதுவும் அழகாத்தான் இருக்கு” என்றார் மாமா.

என்ன நடந்தது என்பதை விளக்கச் சோக்கின் வேலையைச் சொல்லியாக வேண்டும். பழைய குண்டு பல்பில் இழை சூடேற ஏற அதன் மின்தடையும் கூடும்; அதனால் மின்னோட்டம் தானாக ஓரிடத்தில் நின்றுவிடும். வாயு விளக்கு அப்படியன்று. மெட்டல் ஹாலைட்டின் நடுவே ஒரு சிறிய குவார்ட்ஸ் குழாய் இருக்கிறது. அதற்குள் ஆர்கான் வாயு, கொஞ்சம் பாதரசம், சோடியம், ஸ்காண்டியம், இண்டியம் போன்ற உலோகங்களின் அயோடைடு உப்புகள். இரு முனைகளுக்கும் இடையே மின்வில் பிடித்துவிட்டால், ஓட்டம் கூடக் கூடத் தடை குறையும். தடை குறைய ஓட்டம் இன்னும் கூடும். தடுக்க ஆளில்லை என்றால் சில நொடிகளில் விளக்கு தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். அந்தத் தடுக்கும் ஆள்தான் சோக். ஆங்கிலத்தில் பெலாஸ்ட் என்பார்கள். நிலைப்படுத்தி என்று தமிழில் எழுதலாம். நம் ஊர் வயர்மேன்கள் எல்லோருக்கும் அது சோக்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

எனவே, ஒரு விளக்குக்குள் எவ்வளவு மின்னோட்டம் போகும் என்பதை முடிவு செய்வது பல்பு மட்டும் அன்று. சோக்கும் பல்பும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. பல்பின் பெட்டிமேல் அச்சடித்த 250 என்ற எண், சரியான சோக்கோடு சேர்ந்தால் கிடைக்கும் அளவு. வேறு சோக்கோடு அதே பல்பு 200 வாட்டில் எரியலாம். 300 வாட்டிலும் எரியலாம். கண்ணுக்கு இரண்டும் ‘எரிகிறது’ என்றுதான் தெரியும். நம் கண் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். கால்வாசி குறைந்தாலும் கண்டுபிடிக்காது. பவளத்துக்கு அந்த வசதி இல்லை.

நான் வாங்கி வந்தது பாதரச ஆவி விளக்குக்கான சோக். முன்பு தெரு விளக்குகளிலும் தொழிற்சாலைக் கூரைகளிலும் தொங்கிய விளக்கு அது. மினமாதா ஒப்பந்தம் அவ்வகை விளக்குகளின் உற்பத்திக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் 2020ஆம் ஆண்டைக் கெடுவாக வைத்தது. விளக்குகள் போயின, சோக்குகள் சும்மா போகவில்லை. அவை செம்பும் இரும்பும் கலந்த கனமான கட்டிகள். பழைய சாமான் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. அவற்றின் தகட்டிலும் 250 வாட், 400 வாட் என்றுதான் இருக்கும். ஆனால், அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இன்னோர் எண் இருக்கும். 250 வாட் பாதரச விளக்குச் சோக் என்றால் ஏறத்தாழ 2.15 ஆம்பியர். 250 வாட் மெட்டல் ஹாலைட்டுக்கும் சோடியம் விளக்குக்கும் போடும் சோக் என்றால் 3 ஆம்பியர். வாட் ஒன்றே, ஆம்பியர் வேறு. இரண்டும் ஒன்று என்று சொன்ன கடைக்காரரும், அதை நம்பிய பொறியியல் மாணவனும் அந்தச் சின்ன எழுத்தைப் படிக்கவே இல்லை.

நான்கு மாதம் கழித்து, பாட்டியின் நினைவுநாளுக்குக் குடும்பத்தோடு போனோம். தொட்டியின் வலப்பக்கம் வழக்கம்போல் இருந்தது. இடப்பக்கத்தில் இளம்பச்சையாகவும் ஊதாவாகவும் இருந்த அக்ரோபோரா கிளைகள் எல்லாம் காப்பி நிறம். வெளிச்சம் குறைந்தால் பவளம் தன்னுள் பாசியைப் பெருக்கிக்கொள்ளும். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் விடாமல் பிடிக்க அது செய்யும் முயற்சி. அந்தப் பாசியின் நிறம்தான் காப்பி. மாமா தண்ணீரைச் சோதித்திருக்கிறார், உப்பை மாற்றியிருக்கிறார், கால்சியம் ஊற்றியிருக்கிறார். விளக்கை மட்டும் சந்தேகப்படவில்லை. மருமகன் போட்டதாயிற்றே!

என் அப்பா தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவர். பிறகு வயர்மேனாகிப் பல ஆண்டுகள் தொழிற்சாலைகளிலும் திடல்களிலும் உயரத்தில் ஏறி இதே வகை விளக்குகளை மாற்றியவர். தொட்டியைப் பார்க்கவில்லை, தொட்டிக்குப் பின்னால் குனிந்து சோக்கைப் பார்த்தார். தகட்டைத் துடைத்துப் படித்தார். “வாட்டைப் பாக்காத, ஆம்பியரைப் பாருன்னு உனக்கு யாரும் சொல்லித் தரலையாடா?” என்றார். யாரும் சொல்லித் தரவில்லை என்பது உண்மை. நான் கேட்கவும் இல்லை.

அப்பாவின் கிளாம்ப் மீட்டரை வாங்கி அளந்தேன். அதிலும் ஒரு தவறு செய்தேன். சுவர்ப் பிளக்கில் இருந்து வரும் வயரில் பிடித்துப் பார்த்தேன். அங்கே அளந்தால் உண்மை தெரியாது. மின்திறன் காரணியைச் சரிசெய்ய ஒரு கெப்பாசிட்டர் போட்டிருப்பார்கள். அதனால் சுவரில் இருந்து வரும் ஓட்டம் விளக்கில் ஓடுவதைவிட மிகக் குறைவாகவே காட்டும். சோக்குக்கும் பல்புக்கும் இடையே, ஒற்றை வயரில் மட்டும் பிடித்து அளக்க வேண்டும். அதுவும் விளக்கு பற்றி நன்றாகச் சூடேறிப் பதினைந்து நிமிடம் ஆன பிறகு. இக்னைட்டர் நான்காயிரம், ஐயாயிரம் வோல்ட் துடிப்பு அனுப்பும் நேரத்தில் அந்தப் பக்கமே கை போகக் கூடாது. அப்படி அளந்தபோது இடப்பக்க விளக்கில் இரண்டரை ஆம்பியர்கூட இல்லை. வலப்பக்கத்தில் மூன்று.

ஆறில் ஒரு பங்குதானே குறைவு என்று நினைக்கலாம். அங்கேதான் இந்த விளக்கின் குணம் இருக்கிறது. குவார்ட்ஸ் குழாய் போதிய சூடு ஏறினால்தான் உள்ளே உள்ள உப்புகள் ஆவியாகும். ஓட்டம் குறைந்தால் சூடு குறையும். உப்பு முழுதாக ஆவியாகாது. பாதரசத்தின் ஒளியே மேலோங்கும். ஆகவே வெளிச்சத்தின் அளவு வாட் குறைவதைவிட அதிகமாகக் குறைகிறது, நிறமும் மாறுகிறது. மாமா ‘அழகு’ என்று சொன்ன அந்த நீலம், விளக்கு பட்டினி கிடந்ததன் அடையாளம்.

இதைப் பற்றி ஆழமாக ஆய்ந்தவர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தொழிலகப் பொறியியல் பேராசிரியராக இருந்த சஞ்சய் ஜோஷி. அவரே பவளம் வளர்ப்பவர். 1990களின் பிற்பகுதியில் தொடங்கிப் பல ஆண்டுகள், பல்புகளை வாங்கி ஒவ்வொன்றையும் வெவ்வேறு பெலாஸ்ட்டில் எரியவிட்டு, வெளிச்சத்தின் அளவையும் அலைநீளவாரியாக அதன் பகுப்பையும் அளந்து வெளியிட்டார். ஒரே பல்பு பெலாஸ்ட் மாறும்போது வேறொரு பல்பாகவே நடந்துகொள்வதை அந்த வரைபடங்களில் காணலாம். ‘எந்தப் பல்பு சிறந்தது?’ என்ற கேள்வியே அரைக் கேள்வி என்பது அவர் அளவீடுகளைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஆனால், அமெரிக்கக் குறிப்புகளை அப்படியே இங்கே கொண்டுவந்தால் வேறு சிக்கல் வரும். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட். அதை ஏற்றிக் கொடுக்க மின்மாற்றி போன்ற பெலாஸ்ட் வேண்டும். அவற்றுக்கு எழுத்தும் எண்ணும் கொண்ட குறியீடு உண்டு. 250 வாட்டில் எம் 58 என்றால் பழைய வகைப் பல்புக்கு, ஏறத்தாழ 2.1 ஆம்பியர். எம் 80 என்றால் எச்.கியூ.ஐ. எனப்படும் ஐரோப்பிய வகைப் பல்புக்கு, 3 ஆம்பியர். குறியீடு பொருந்தினால் சோடி பொருந்தும். நமக்கோ 230, 240 வோல்ட் வருவதால் வெறும் சோக்கும் இக்னைட்டரும் போதும். இங்கே கிடைக்கும் சோக்கில் எம் என்ற குறியீடு பெரும்பாலும் இருக்காது. எம் 58க்கென்று செய்த அமெரிக்கப் பல்பை வரவழைத்து நம் 3 ஆம்பியர் சோக்கில் மாட்டுபவர்கள் உண்டு. பிரமாதமாக எரியும்! அளவுக்கு மேல் ஓட்டம் பாய்கிறது, முனைகள் தேயும், ஆயுள் குறையும், ஆயுள் முடியும் தறுவாயில் குழாய் வெடிக்கும் ஆபத்தும் கூடும். அமெரிக்காவிலேயே பலர் கூடுதல் வெளிச்சத்துக்காக வேண்டுமென்றே இப்படிச் செய்தார்கள். தெரிந்து செய்வது அவரவர் விருப்பம். தெரியாமல் செய்வதைத்தான் நான் குறை சொல்கிறேன்.

400 வாட்டில் இன்னும் குழப்பம். பாதரசச் சோக் 3.25 ஆம்பியர், சோடியம் சோக் நாலரை ஆம்பியர் அளவில். மெட்டல் ஹாலைட் பல்புகளில் சில முதலாவதற்கும், சில இரண்டாவதற்கும், இன்னும் சில இரண்டுக்கும் இடைப்பட்ட ஓட்டத்துக்கும் செய்யப்பட்டவை. பல்போடு வரும் தாளைப் படிக்காமல் அங்கே கை வைக்கவே கூடாது. 70 வாட்டிலும் 150 வாட்டிலும் இவ்வளவு தொல்லை இல்லை, முறையே 0.98, 1.8 ஆம்பியர் என்று ஏறக்குறைய எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். எலக்ட்ரானிக் பெலாஸ்ட் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களும் உண்டு. அது வாட்டைக் கட்டுப்படுத்தும்தான். ஆனால், மிக உயர்ந்த அதிர்வெண்ணில் ஓடும் சிலவற்றில் குழாய்க்குள் ஒலி அலை எழுந்து மின்வில் நடுங்கும் பல்புகளும் இருக்கின்றன. அதுவும் சோடி பார்த்தே வாங்க வேண்டியது.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரு பக்கமும் முனை உள்ள பல்புகளுக்குப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வெளிக்கண்ணாடி பொதுவாகக் கிடையாது. பழைய விளக்குக் கூட்டை வாங்கும்போது முன்பக்கக் கண்ணாடி உடைந்திருந்தால், “எரியுதுதானே” என்று மாட்டிவிடாதீர்கள். அந்தக் கண்ணாடிதான் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. அது இல்லாவிட்டால் பவளமும் கருகும். நம் கண்ணும் தோலும் கெடும்.

சரியான சோக்கை வாங்கி மாட்டியதும் கதை முடிந்தது என்று நினைத்தேன். என் இரண்டாவது தவறு அங்கேதான் நடந்தது, அதுதான் கொன்றது. குற்றவுணர்ச்சியில் அன்றைக்கே 3 ஆம்பியர் சோக்கும், பழைய பல்புக்குப் பதில் புதிய பல்பும் வாங்கினேன். இரண்டையும் ஒன்றாக மாட்டி, வழக்கம்போல் ஒன்பது மணி நேரம் எரியவிட்டேன். நான்கு மாதம் அரை வயிற்றுக்குப் பழகிய உயிருக்கு ஒரே நாளில் விருந்து! பவளத்துக்குள் பெருகியிருந்த பாசி திடீர் வெளிச்சத்தில் தாங்க முடியாமல் நச்சாக மாறுகிறது. பவளம் அதை வெளியே துப்பிவிடுகிறது. பாசி போனால் நிறம் போகும், சோறும் போகும். ஆறாம் நாள் மாமா படம் அனுப்பினார். தட்டுப்போல் விரிந்திருந்த மோண்டிபோரா எலும்பாக வெளுத்துக் கிடந்தது. அக்ரோபோராவில் மூன்று கிளைகள் நுனியில் இருந்து உரிந்துகொண்டிருந்தன. படத்தின் கீழே அவர் எதுவும் எழுதவில்லை.

செய்திருக்க வேண்டியது இதுதான்: விளக்கை ஓரடி மேலே தூக்கி, நாளுக்கு மூன்று நான்கு மணி நேரம் மட்டும் எரியவிட்டு, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். அல்லது தொட்டிமேல் கொசுவலையை மூன்று மடிப்பாக விரித்து, வாரம் ஒரு மடிப்பாக எடுக்க வேண்டும். இரண்டு வெள்ளி வலை.

2024இல் கடல் சூடேறி நம் நாட்டுத் தீவுகளைச் சுற்றியும் பவளம் வெளுத்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அவ்வாண்டு ஏப்ரலில், உலகளாவிய நான்காவது வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனம் அறிவித்தது. 2010லும் இப்படி நடந்து, தியோமான், ரெடாங் பக்கம் முக்குளிக்கும் இடங்கள் சில மூடப்பட்டன. அங்கே காரணம் வெப்பம். மாமா தொட்டியில் காரணம் வெளிச்சம். பாசியைத் துப்பிவிட்டுப் பட்டினியில் சாவது இரண்டிலும் ஒன்றே. கடலில் நடந்ததற்கு என் ஒருவனால் என்ன செய்ய முடியும் என்று கேட்டுத் தப்பிக்கலாம். தொட்டியில் நடந்ததற்கு அப்படித் தப்பிக்க வழியில்லை.

இப்போது நண்பர்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது: “எல்.இ.டி. வந்து எவ்வளவோ காலமாயிற்று. இந்தப் பழைய விளக்கைக் கட்டிக்கொண்டு அழுவானேன்?” நியாயமான கேள்வி. புதிதாகத் தொடங்குபவர் என்னிடம் கேட்டால் எல்.இ.டி. வாங்கச் சொல்வேன். ஒரு 250 வாட் மெட்டல் ஹாலைட், சோக்கில் வீணாகும் சூட்டையும் சேர்த்தால் ஏறக்குறைய 275 வாட் இழுக்கும். நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் மாதம் 66 யூனிட். மாமா வீட்டில் அப்படி இரண்டு. நம் ஊர் வெயிலில் அந்தச் சூட்டைத் தண்ணீரில் இருந்து இறக்கச் சில்லர் வேறு ஓட வேண்டும். மின்கட்டணம் வரும் நாளில் அத்தை முகத்தைப் பார்க்க முடியாது.

ஆனால், எல்லாரும் எல்.இ.டி.க்கு மாறுவதால்தான் இந்தப் பழைய விளக்குகள் மலிவாகக் கைமாறுகின்றன. அவற்றை வாங்குபவர்கள் யார்? நம்மைப் போன்ற மாணவர்களும், மாதச் சம்பளத்தில் எண்ணி எடுத்து இந்தப் பொழுதுபோக்கை வைத்துக்கொண்டிருப்பவர்களும்தான். கூடு ஒருவரிடம், சோக் இன்னொருவரிடம், பல்பு மூன்றாமவரிடம் என்று பிரிந்து வருகிறது. சோடி பிரிந்த பிறகுதான் நம் கைக்கே வருகிறது. புதிதாக ஒரே பெட்டியில் வாங்கியவருக்கு இந்தக் கட்டுரை தேவையே இல்லை.

ஆகவே என் கருத்தைத் திட்டமாகவே சொல்கிறேன். பல்பும் சோக்கும் இக்னைட்டரும் மூன்று பொருள்கள் அல்ல. ஒரு பொருளின் மூன்று துண்டுகள். அவற்றைத் தனித்தனியே விற்பவர் ஆம்பியர் எண்ணைச் சொல்லியே விற்க வேண்டும். சொல்லாவிட்டால் வாங்குபவர் கேட்க வேண்டும். தகடு தேய்ந்து எண் தெரியாத சோக்கை, இலவசமாகக் கொடுத்தாலும் பவளத் தொட்டிக்குக் கொண்டுவரக் கூடாது. பெட்டிமேல் உள்ள 10000, 20000 கெல்வின் என்ற எண்ணைப் பார்த்து மயங்குபவர்களுக்கும் இதையே சொல்வேன். நண்பகல் வெயிலே ஐயாயிரத்து ஐந்நூறு கெல்வின் சுற்றளவில்தான் இருக்கிறது. இருபதாயிரம் என்பது கண்ணுக்கு எவ்வளவு நீலம் என்று சொல்லும் வியாபாரக் குறி. பவளத்துக்கு எவ்வளவு வெளிச்சம் என்று சொல்லாது. அந்தக் குறியும்கூடச் சரியான சோக்கில் மாட்டினால்தான் மெய்.

மாமாவிடம் இந்தக் கருத்தைச் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். “கடைக்காரன் பத்து சாமான் விக்கிறான். அவனுக்கு எல்லாம் தெரியணும்னா எப்படி? தெரிஞ்சவன் கிட்ட கேட்டிருக்கணும். உங்கப்பன் போன் எடுக்க மாட்டானா?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்பாவை ஒருமுறை அழைத்துக் கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். பல்கலைக்கழகம் படிக்கும் நான், சோக்கைப் பற்றி அப்பாவிடம் கேட்பதா என்ற எண்ணம் இருந்ததா? இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

தமிழ்ப்பள்ளியில் மின்சுற்று என்று படித்தேன். தேசிய இடைநிலைப்பள்ளியில் அது லித்தார் ஆயிற்று. இங்கே சர்க்கிட். ஒவ்வொரு முறை பெயர் மாறியபோதும் முந்தைய இடத்தில் கற்றது சின்னப் பிள்ளைப் பாடம் என்று ஒதுக்கிவிட்டு வந்திருக்கிறேன். அப்பாவின் மொழியில் அது கரண்டு, வயர், சோக். அந்தச் சொற்களில் பேசப்பட்டதால் அது அறிவு இல்லை என்றும் நினைத்திருக்கிறேன். அதனால்தான் இதைத் தமிழ் மலரில் எழுத ஆசைப்பட்டேன். கலைச்சொல் அகராதியில் ஏறாத சொற்களோடேயே எழுதினேன். ஆசிரியர் குழுவினர் திருத்தாமல் விட்டால் நன்றி.

சென்ற மாதம் போனபோது தொட்டியின் இடப்பக்கம் பாதி காலியாகவே இருந்தது. செத்த மோண்டிபோராவின் எலும்பை மாமா எடுக்கவில்லை. அதன் மேல் இளஞ்சிவப்புப் பாசி ஏறியிருந்தது. ஓரத்தில், வலப்பக்கத்துப் பவளத்தில் இருந்து வெட்டி ஒட்டிய சுண்டுவிரல் துண்டு ஒன்று புதிதாக அடி பிடித்திருந்தது. விளக்கு இரண்டடி உயரத்தில் தொங்கியது. பின்னால் குனிந்து பார்த்தேன். இரண்டு சோக்குகளின் மேலும் வெள்ளை டேப் ஒட்டி, மார்க்கர் பேனாவால் அப்பாவின் கையெழுத்தில் பெரிதாக எழுதியிருந்தது: ‘3 ஆம்பியர். மாற்றுவதாக இருந்தால் எனக்குப் போன் பண்ணவும்.’ கீழே அவருடைய எண்.